கையால் எழுதினால் சொந்தமாகிவிடுமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். 'எங்கள் பகுதியின் வரலாறு' என்று கட்டுரை எழுதி வரச் சொன்னேன். முக்கால்வாசிப் பேர் இணையத்தில் இருந்ததை அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள். திட்டினால் அழுகிறார்கள். திட்டாமல் விட்டால் அடுத்த தடவையும் இதேதான் நடக்கும். காப்பி அடிக்காமல் எழுதவும் ஒழுங்காகக் குறிப்பெடுக்கவும் இவர்களை எப்படிப் பழக்குவது?

பதில்:

வடசென்னைப் பள்ளிகளில் தமிழ் எடுத்தே என் காலம் போயிருக்கிறது. அதனால் நீங்கள் சொல்லும் அந்தக் கட்டுரைக் கட்டு எப்படி இருக்கும் என்று பார்க்காமலே எனக்குத் தெரியும். நீலத்தில் தலைப்பு, ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவில் பூ, முத்து முத்தான கையெழுத்து, உள்ளே ஐந்து பேருக்கும் ஒரே பத்தி.

முதலில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். காசிமேட்டிலிருந்து வந்தவள். ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதி வந்தாள். "யாரும்மா எழுதினது?" என்றேன். "நான்தான் மிஸ்." "எங்கேர்ந்து எடுத்த?" "நெட்லேர்ந்து." "அப்போ அது காப்பிதானே?" அவள் முகத்தில் உண்மையான குழப்பம். "இல்ல மிஸ், ஜெராக்ஸ் எடுக்கல, பிரிண்ட் எடுக்கல. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் கை வலிக்க நான்தான் எழுதினேன்."

அவள் பொய் சொல்லவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து நாம் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். காப்பி நோட்டில் பார்த்து எழுது, போர்டில் இருப்பதைப் பார்த்து எழுது, புத்தகத்தில் உள்ளபடி வரி மாறாமல் எழுது, கைடில் இருக்கும் விடையை மனப்பாடம் செய்து எழுது. இத்தனையும் செய்த பிள்ளைக்கு 'வெரி குட்' போட்டோம். பதினாறு வயதில் திடீரென்று, "சொந்தமாக எழுது, இல்லாவிட்டால் நீ திருடி" என்கிறோம். பத்து வருஷம் பரிசு வாங்கித் தந்த வேலை ஒரே நாளில் குற்றமாவது எப்படி என்று அவளுக்கு விளங்காதது நியாயம்தான். ஆகையால் திட்டில் ஆரம்பிக்காதீர்கள். "இதுவரைக்கும் உங்களுக்கு வேற விளையாட்டு சொல்லிக்கொடுத்தோம், இனிமே விதி வேற" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். பிள்ளைகள் அதை நன்றாகவே புரிந்துகொள்வார்கள்.

இதற்கு அடியில் இன்னொரு காரணம் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. நம் பகுதிப் பிள்ளைகளுக்குத் தங்கள் சொல் தாளில் ஏறத் தகுந்தது என்ற நம்பிக்கை இல்லை. வாயைத் திறந்தாலே "என்ன பாஷை இது?" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். வீட்டில் பேசும் தமிழ் கொச்சை, புத்தகத் தமிழ்தான் தமிழ் என்று அவர்கள் மனதில் பதிந்துவிட்டது. அப்படிப்பட்ட பிள்ளையிடம் கட்டுரை கேட்டால் அது என்ன செய்யும்? நல்ல துணி இல்லாதவன் கல்யாணத்துக்கு இரவல் சட்டை போட்டுக்கொண்டு போவதுபோல, இணையத்தில் கிடைக்கும் நல்ல வாக்கியத்தை எடுத்துப் போட்டுக்கொள்ளும். நான் பார்த்தவரை சோம்பலால் காப்பி அடிக்கும் பிள்ளை குறைவு, கூச்சத்தால் அடிப்பதே அதிகம். சோம்பல் என்று நினைத்துத் தண்டனை கொடுத்தால் கூச்சம் இன்னும் கூடும், காப்பியும் கூடும்.

அதனால் நான் கண்டுகொண்ட வழி அந்தப் பேச்சுத் தமிழிலிருந்தே தொடங்குகிறது. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் இவ்வளவு தள்ளி நிற்பதை நாம் எப்போதும் ஒரு தொல்லையாகவே பேசுகிறோம். குறிப்பெடுக்கும் வேலையில் அது பெரிய வரம். புத்தக வாக்கியம் பிள்ளையின் வாய்ப்பேச்சு வழியாக ஒருமுறை போய்வந்தால் வரிக்கு வரி அப்படியே வெளியே வரவே முடியாது. சல்லடையில் மாவு மாதிரி, விஷயம் மட்டும் கீழே இறங்கும், அடுத்தவரின் வாக்கியம் மேலே தங்கிவிடும்.

செய்முறை இதுதான். ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லுங்கள். புரியும்வரை இரண்டு தடவையோ மூன்று தடவையோ படிக்கட்டும். பிறகு புத்தகத்தைக் கவிழ்க்க வேண்டும், போனாக இருந்தால் திரையை அணைத்துப் பெஞ்சுக்கு அடியில் வைக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடம், வீட்டில் தம்பி தங்கைக்குச் சொல்வதுபோல வாயால் சொல்ல வேண்டும். சொன்னதை, சொன்ன தமிழிலேயே, அட்டையில் எழுத வேண்டும். எழுத்துப்பிழை, இலக்கணம் எதையும் அந்த இடத்தில் திருத்தாதீர்கள். கடைசியில் புத்தகத்தைத் திறந்து ஆண்டு, பெயர், எண் மட்டும் சரிதானா என்று பார்த்துக்கொள்ளட்டும். கட்டுரை எழுதும் நாளில் புத்தகம் மேஜை மேலேயே இருக்கக் கூடாது, அட்டைகள் மட்டும் இருக்க வேண்டும். அட்டையில் இருக்கும் பேச்சுத் தமிழை அவர்கள் எழுத்துத் தமிழாக்குவார்கள். அப்போது பிறக்கும் வாக்கியம் அவர்களுடையதாகத்தான் இருக்கும்.

ஒரு உதாரணத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வகுப்புக்காக நான் எழுதி வைத்திருந்த பத்தி இது: "தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை இயக்கப்பட்டது. கோட்டைக்கும் வணிகர்கள் வாழ்ந்த பகுதிக்கும் அருகில் இருந்ததால் நிலையம் அமைக்க ராயபுரம் தேர்வு செய்யப்பட்டது."

"உன் சொல்லில் எழுது" என்று மட்டும் சொன்னால் பிள்ளைகள் இப்படி எழுதுவார்கள்: "தென் இந்தியாவின் முதலாவது பயணியர் புகைவண்டி 1856ஆம் வருடம் ஜூலை மாதம் முதல் தேதி ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ஓட்டப்பட்டது." ரயில் புகைவண்டியாகிவிட்டது, இயக்கப்பட்டது ஓட்டப்பட்டது ஆகிவிட்டது. எலும்பு அப்படியே இருக்கிறது, சட்டைதான் வேறு. ஆசிரியர்களிலேயே பலர் இதைச் சொந்த நடை என்று மார்க் போடுவதைப் பார்த்திருக்கிறேன். இது காப்பிதான், ஆனால் அது காப்பி என்று பிள்ளைக்குத் தெரியாது. பார்த்துக்கொண்டே எழுதினால் வேறு எதுவும் வராது.

அதே பத்தியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு பையன் எழுதிய அட்டை: "ரயிலு ஸ்டேஷன ஏன் ராயபுரத்துல வெச்சாங்கன்னா கோட்டையும் யாவாரம் பண்றவங்க வூடும் கிட்டக்க இருந்துச்சு. மொதோ வண்டி வாலாஜா ரோடு வரிக்கும் போச்சு. 1856 ஜூலை 1." காரணம் முன்னால் வந்துவிட்டது பாருங்கள். என் பத்தியில் அது பின்னால் இருந்தது. அவனுக்கு எது முக்கியமாகப் பட்டதோ அது தலைக்கு ஏறிவிட்டது. சிந்தனை நடந்ததற்கு அதைவிட வேறு அடையாளம் எனக்கு வேண்டாம். அதை எழுத்துத் தமிழாக்க அவனுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அட்டை என்றேன். நோட்டுப் புத்தகத்தில் குறிப்பெடுக்க விடாதீர்கள். நோட்டில் எழுதினால் பக்கம் பக்கமாக வரிசையாகத்தான் போகும், கட்டுரையும் அதே வரிசையில் வரும். அட்டை என்றால் கலைக்கலாம், அடுக்கலாம், தூக்கிப் போடலாம். கடையில் வாங்க வேண்டியதில்லை. காகிதக் கடைகள் நிறைந்த பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போய்வரும் அப்பா அம்மா இருந்தால் வெட்டி மிஞ்சிய அட்டைத் துண்டு கிடைக்கும். எங்கள் வகுப்பில் பெரும்பாலும் பழைய கல்யாணப் பத்திரிகைகள்தான். ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும், பாதியாக வெட்டினால் உள்ளங்கை அளவு வரும்.

ஒரு அட்டைக்கு ஒரே விஷயம். மேலே எங்கிருந்து எடுத்தது என்பதை முதலில் எழுதிவிட வேண்டும். நூல் என்றால் ஆசிரியர், நூல், பதிப்பித்த ஆண்டு, பக்கம். இணையம் என்றால் பக்கத்தின் தலைப்பு, முகவரி, பார்த்த தேதி. தேதி கண்டிப்பாக வேண்டும், ஏனென்றால் இன்று இருக்கும் பக்கம் அடுத்த மாதம் மாறிவிடலாம். ஆள் என்றால் பெயர், உறவு, எந்த ஊர், எந்த நாள் பேசியது. "அப்புறமா எழுதிக்கலாம் மிஸ்" என்பார்கள். விடவே கூடாது. அப்புறம் என்று விட்ட அட்டைக்கு மூலம் கிடைக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

பேனாவில் மூன்று நிறம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நூலில் உள்ள சொல் அப்படியே வந்தால் சிவப்பு, இரட்டை மேற்கோள் குறிக்குள். தன் சொல்லில் சுருக்கினால் நீலம். படிக்கும்போது தனக்குத் தோன்றியது, கேள்வி, சந்தேகம் எல்லாம் பென்சில். காப்பி என்ற குற்றம் கட்டுரை எழுதும்போது நடப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது குறிப்பெடுக்கும்போதே நடந்து முடிந்துவிடுகிறது. எது நூலாசிரியருடைய வாக்கியம், எது என்னுடையது என்ற கோடு குறிப்பில் அழிந்துவிட்டால், பத்து நாள் கழித்து அந்தக் குறிப்பைப் பார்க்கும் நல்ல பிள்ளைகூட அதைத் தன் வாக்கியம் என்று நம்பித்தான் எழுதும். படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இந்தப் பழியில் சிக்குவதும் பல நேரம் இப்படித்தான்.

பென்சிலைக் குறைவாக நினைக்காதீர்கள். ஒரு கட்டுரை யாருடையது என்று கேட்டால் பதில் அந்தப் பென்சில் வரிகளில்தான் இருக்கிறது. "அப்போ பிளாட்பாரத்துல யாரு ஏறியிருப்பா?" என்று ஒரு பிள்ளை பென்சிலில் எழுதியிருந்தது. அந்தக் கேள்வியை வைத்தே அது மூன்று பக்கம் எழுதியது.

இனி அந்தக் காசிமேட்டுப் பெண்ணின் கட்டுரைக்கு வருகிறேன். அதில் முதல் வரி, "இந்தியாவின் முதல் ரயில் நிலையம் ராயபுரம்." அந்த வருஷம் ஏழெட்டுக் கட்டுரைகளில் இதே வரி இருந்தது. வரி தப்பு. இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாய் போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு ஓடியது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு. ராயபுரம் மூன்றாவது. அப்படியென்றால் தப்பு எங்கே முளைத்தது? பம்பாயிலும் தாணேவிலும் அந்தக் காலத்து நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. அதனால் 'இன்றும் எஞ்சி நிற்கும் மிகப் பழைய நிலையக் கட்டடம்' என்று ராயபுரத்தைச் சொல்வார்கள். யாரோ ஒருவர் குறிப்பெடுக்கும்போது 'எஞ்சி நிற்கும்' என்பதை விட்டுவிட்டார். இன்னொருவர் 'கட்டடம்' என்பதை விட்டார். மூன்றாமவர் 'மிகப் பழைய' என்பதை 'முதல்' ஆக்கினார். பிறகு நூறு பேர் காப்பி அடித்தார்கள்.

'பயணிகள்' என்ற சொல்லை விட்டாலும் இதே கதைதான். செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை 1837 வாக்கிலேயே சாலை போடக் கல் ஏற்றிவர இருப்புப்பாதை இருந்தது. ஆகவே 'தென்னிந்தியாவின் முதல் ரயில்' என்று எழுதினால் தப்பு, 'முதல் பயணிகள் ரயில்' என்றால் சரி. தேதியிலும் இப்படி ஒரு முடிச்சு உண்டு. சில இடத்தில் 1856 ஜூன் 28 என்று இருக்கும், சில இடத்தில் ஜூலை 1. கவர்னர் ஹாரிஸ் பிரபு நிலையத்தைத் திறந்துவைத்தது ஜூன் 28, மக்களுக்கான வண்டி ஓடத் தொடங்கியது ஜூலை 1. காப்பி அடிக்கும் பிள்ளைக்கு இரண்டில் ஒன்றுதான் கண்ணில் படும். இரண்டு அட்டையில் இரண்டு தேதி எழுதிய பிள்ளைதான், "மிஸ், இதுல எது கரெக்ட்?" என்று வந்து நிற்கும். அந்தக் கேள்வி வந்த நாளில்தான் என் வகுப்பில் ஆராய்ச்சி தொடங்கியது என்று நான் கணக்கு வைப்பேன். திருட்டு, பாவம் என்று பேசுவதைவிட இந்த ரயில் நிலைய வரியை எடுத்துக் காட்டுவது பிள்ளைகளிடம் அதிகம் எடுபடுகிறது. அடுத்தவரின் வரியை எடுத்தால் அவருடைய தப்பும் சேர்ந்து நம் வீட்டுக்கு வந்துவிடும் என்பது அவர்களுக்குச் சட்டென்று புரிகிறது.

எதை அப்படியே எடுக்கலாம், எதை நம் சொல்லில் மாற்ற வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். இதற்கும் எங்கள் பக்கத்து உதாரணம் ஒன்றே போதும். கடல் வேலையைப் பற்றி எழுதப் போன பையன் ஒருவன் தன் தாத்தாவிடம் பேசிவிட்டு வந்தான். அட்டையில் "கடல் நீரோட்டம் பல வகைப்படும்" என்று எழுதியிருந்தான். "தாத்தா இப்படியா சொன்னார்?" என்றேன். "இல்ல மிஸ், வன்னி, தெண்டின்னு இன்னாமோ சொன்னாரு. அத்தயெல்லாம் எழுதக்கூடாதுன்னு வுட்டுட்டேன்." விலைமதிப்பில்லாததை வீசிவிட்டு வெறுங்கூட்டை எழுதிக்கொண்டு வந்திருக்கிறான். கடலில் இருப்பவர் நீரோட்டத்துக்கு வைத்திருக்கும் பெயர் அவர் வாயில் வந்தபடியே சிவப்பில் இருக்க வேண்டும், அவர் பெயரோடு. மாற்றினால் செத்துப்போகும் சொல், வாதத்துக்கு உரிய சொல், சட்டத்தின் வாசகம், கவிதை வரி, இவற்றைத்தான் அப்படியே எடுக்க வேண்டும். வெறும் தகவலைச் சுமக்கும் வாக்கியத்தை மேற்கோளாகப் போடுவதில் பயனில்லை. இரண்டு பக்கக் கட்டுரையில் மூன்று மேற்கோளுக்கு மேல் போனால் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

தாத்தாவும் மூலம்தான் என்று சொல்லிக்கொடுங்கள். நூலுக்கு அடிக்குறிப்பு, தாத்தாவுக்கு ஒன்றுமில்லை என்று இருக்கக் கூடாது. அதேபோல அவர் சொன்னதையும் சரிபார்க்க வேண்டும். பின்னி துணி மில்லில் வேலை பார்த்த குடும்பத்துப் பெண் ஒருத்தி, "சங்கம் ஆரம்பிச்சது திரு.வி.க." என்று பாட்டி சொன்னதை எழுதினாள். சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கியபோது பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க. துணைத் தலைவர். அதற்கு முன்னால் நின்று ஏற்பாடு செய்தவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும். பாட்டி சொன்னது பொய்யில்லை, தொழிலாளர் வீடுகளில் நினைவில் தங்கிய பெயர் எது என்று அது காட்டுகிறது. இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்து, "எங்கள் பாட்டி இப்படிச் சொல்கிறார், நூல்களில் இப்படி இருக்கிறது" என்று எழுதச் சொன்னேன். அந்த வருஷத்தின் நல்ல கட்டுரைகளில் அதுவும் ஒன்று.

தமிழில் எழுதும்போது மட்டும் வரும் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கில வழியில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இது இருக்காது. நம் மொழியில் 'என்கிறார்', 'என்று எழுதுகிறார்' என்பது வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். ஒரு பிள்ளை நாலு வாக்கியம் ஒருவருடைய நூலிலிருந்து எடுத்துச் சுருக்கிவிட்டு, கடைசி வாக்கியத்தின் முடிவில் மட்டும் 'என்கிறார்' போடும். படிப்பவருக்கு அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான் அவருடையது, முந்திய மூன்றும் பிள்ளையின் கருத்து என்று தோன்றும். பிள்ளை மனசறிய எதையும் மறைக்கவில்லை, ஆனால் மறைந்துவிட்டது. ஆகவே இரவல் கருத்து தொடங்கும் இடத்திலேயே பெயரைச் சொல்லப் பழக்குங்கள். "இதைப் பற்றி இன்னார் சொல்வது:", "இன்னாரின் கருத்துப்படி" என்று ஆரம்பிக்கட்டும். அவர் கருத்து முடிந்து தன் கருத்து தொடங்கும்போது, "எனக்கோ", "ஆனால் எங்கள் தெருவில்" என்று ஒரு திருப்பம் வைக்கட்டும். வேலி இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். இது ஒன்றைத் திருத்தினாலே உங்கள் பிள்ளைகளின் பாதிக் குற்றம் மறைந்துவிடும்.

இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தொல்காப்பியத்தைத் திறந்தால் 'என்ப', 'என்மனார் புலவர்' என்று வந்துகொண்டே இருக்கும். தனக்கு முன்னால் இருந்த புலவர்கள் சொன்னது இது என்று அவ்வளவு பழைய இலக்கண ஆசிரியரே சொல்லிவிட்டுத்தான் நகர்கிறார். நன்னூலில் வரும் முப்பத்திரண்டு உத்திகளில் 'தானெடுத்து மொழிதல்' ஒன்று, 'பிறன்கோட் கூறல்' ஒன்று. முன்னோர் வாசகத்தை எடுத்துச் சொல்வது முதலாவது, பிறர் கொள்கையைச் சொல்வது இரண்டாவது. இன்று மேற்கோள் என்றும் கருத்தைச் சுருக்கிச் சொல்வது என்றும் நாம் பிரிப்பதற்கு வெகு பக்கத்தில் வரும் பிரிவு இது. ப்ளஸ் ஒன் பிள்ளைகளிடம் இந்தப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். கட்டுரை எழுதுவது நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் செய்த வேலை என்று தெரிந்ததும் சிலருக்கு முதுகு நிமிர்கிறது.

"நாட்டுடைமை ஆக்கின புத்தகம்தானே மிஸ், எடுத்துக்கக் கூடாதா?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. பதிப்புரிமை வேறு, இது வேறு. பாரதியார் எழுத்து நாட்டுடைமை, யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கலாம். அதற்காக அவர் வரியைப் போட்டுக் கீழே என் பெயரை எழுதலாமா? நம் சட்டப்படி ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. அதற்குப் பிறகு காசு கொடுக்க வேண்டாம், கேட்க வேண்டாம். பெயர் சொல்ல மட்டும் எப்போதும் வேண்டும். எல்லோருக்கும் தெரிந்ததற்கு மூலம் தேவையில்லை என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள். இந்தியா 1947-இல் விடுதலை பெற்றது என்பதற்கு அடிக்குறிப்பு போட்ட பிள்ளையும் என்னிடம் படித்திருக்கிறது.

மூலம் எழுதும் வடிவத்தில் அதிகம் மல்லுக்கட்ட வேண்டாம். தமிழர் பெயரில் குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை, முன்னால் இருப்பது அப்பா பெயரின் தலையெழுத்து. அதைத் திருப்பிப் போடும் சடங்கில் பிள்ளைகள் குழம்புகிறார்கள். எந்த முறையானாலும் எல்லா அட்டையிலும் ஒரே மாதிரி இருந்தால் போதும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களைப் பார்த்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை: திரையில் காட்டும் பக்க எண்ணும் நூலில் அச்சிட்ட பக்க எண்ணும் வேறாக இருக்கும். அச்சில் இருப்பதைத்தான் எழுத வேண்டும்.

இவர்களில் சிலர் நாளைக்குக் கல்லூரியில் ஆய்வேடு எழுதுவார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் இதற்கென்று விதிமுறை கொண்டுவந்தது. ஆய்வேட்டில் அடுத்தவர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை இருந்தால் திருத்தி ஆறு மாதத்துக்குள் திரும்பத் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைத் தர முடியாது. அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து. பொதுவாக எல்லோரும் எழுதும் தொடர் என்றால் அடுத்தடுத்து 14 சொல் வரை கணக்கில் விட்டுவிடலாம் என்றும் அதில் இருக்கிறது. இந்தப் பதினாலு சொல் கணக்கைத் தமிழுக்கு அப்படியே நம்பிவிடக் கூடாது. நம் சொல் ஒட்டி ஒட்டி நீளும், பதினாலு சொல்லில் இரண்டு முழு வாக்கியம் முடிந்துவிடும்.

இந்த ஒப்புமையைக் கணக்கிடும் மென்பொருளையும் அளவோடுதான் நம்ப வேண்டும். அது காட்டுவது ஒப்புமையை, திருட்டை அல்ல. முறையாக மேற்கோள் காட்டியதையும் சிவப்பாக்கும். 'ராயபுரத்திலிருந்து' என்பதை 'ராயபுரத்தில் இருந்து' என்று பிரித்தால் அதற்கு வேறு சொல். ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுத் தமிழாக்கி ஒட்டினால் பெரும்பாலும் கண்ணில் படவே படாது. இரவல் ஆங்கிலத்தில் இருந்தாலும் இரவல்தான் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். சாட்ஜிபிடி மாதிரியானவை இன்னும் ஒரு படி மேலே. கேட்டால் இல்லாத நூலுக்குக்கூட ஆசிரியர், ஆண்டு, பக்கம் எல்லாம் போட்டுக் கொடுத்துவிடும். அது தந்த நூற்பட்டியலை எடுத்துக்கொண்டு எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போய்த் தேடி வரச் சொல்லுங்கள். வெறுங்கையோடு திரும்பிவந்த பிள்ளை மறுபடி அதன் பேச்சைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாது. நான் இதையெல்லாம் கண்டுபிடிக்க வைத்திருக்கும் கருவி ஒன்றே ஒன்றுதான்: எழுதியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இந்தப் பத்திய எனக்குச் சொல்லு" என்பேன். சொந்தமாக எழுதியவர் சொல்லும்போது எழுதியதைவிட இரண்டு விஷயம் கூடவே வரும்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் கட்டுரைக் கட்டுக்கு வருவோம். மார்க் போடாதீர்கள், கிழிக்காதீர்கள், யார் பெயரையும் வகுப்பில் படிக்காதீர்கள். அப்படியே திருப்பிக் கொடுத்து, ஒவ்வொருவரையும் அதில் ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பத்தி எங்கே கிடைத்தது என்று தேடிப் பிடிக்கட்டும். அதே விஷயத்தை வேறு ஒரு நூலிலோ வீட்டுப் பெரியவரிடமோ சரிபார்க்கட்டும். பத்து அட்டையோடு அடுத்த வகுப்புக்கு வரட்டும். கட்டுரை வேண்டாம், அட்டை மட்டும். மார்க்கில் பாதியை அட்டைக்கு ஒதுக்கிவிடுங்கள், அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அட்டைக்கு மார்க் உண்டு என்று தெரிந்த வீட்டில் அட்டை எழுதப்படும்.

முதல் அட்டையை மட்டும் நீங்களே அவர்கள் கண் முன்னால் எழுதிக் காட்டுங்கள். ஒரு பத்தியைச் சத்தமாகப் படியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், உங்கள் வீட்டில் பேசும் தமிழில் அதைச் சொல்லுங்கள், சொன்னதைச் சொன்னபடி போர்டில் எழுதுங்கள். 'அங்க', 'இங்க', 'போச்சு', 'வந்துச்சு' எல்லாம் இருக்கட்டும். டீச்சர் போர்டில் அப்படி எழுதுவதைப் பார்த்ததும் பின்பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு வரும். அதை வரவிடுங்கள். சிரித்து முடித்ததும் அவர்கள் கையிலும் அட்டையைக் கொடுங்கள்.